சுத்தியல் விரல்: வளைந்த கால்விரலைக் கண்டுபிடிப்பது முதல் சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஓர் அம்மா என்னிடம் வந்தார். சென்னையில் பெரம்பூர் பக்கம் இட்லிக் கடை நடத்துகிறவர். வலது காலின் இரண்டாவது விரலைக் காட்டி, "வெறும் ஆணிம்மா, இதை மட்டும் எடுத்துவிட்டுடு. அடுப்புக்கிட்ட நிக்கவே முடியல" என்றார்.

விரலின் நடு மூட்டு கூரை முகடு போல மேலே எழும்பியிருந்தது. அந்த முகட்டின் உச்சியில் பட்டாணி அளவில் மஞ்சளாக ஒரு ஆணி, சுற்றிலும் பிளேடால் சீவிய தழும்புகள். விரலின் அடியில் மெட்டி இறுகி, தோலில் பள்ளம் விழுந்திருந்தது. ஆறு வருடமாக ஆணியைச் சீவுகிறாராம். சீவினால் இருபது நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி வளர்ந்துவிடும். ஆணி ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறது என்று அவரும் யோசிக்கவில்லை, யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. விரல் வளைந்திருக்கும்வரை செருப்பு அந்த முகட்டில் உரசும், உரசும்வரை ஆணி வளரும்.

கால் வலிக்காரர்களைத் தினமும் பார்க்கும் ஃபிசியோதெரபிஸ்ட் நான். ஒரே ஒரு விஷயத்தைப் பதிய வைத்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வளைந்த விரலைக் கையால் நேராக்க முடிகிற காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் செருப்பை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைத் தவறவிட்டால் மூட்டு இறுகிப் போகும், பிறகு கத்தி இல்லாமல் விரல் நேராகாது. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

விரல் ஏன் வளைகிறது

பந்தல் காலை நேராக நிறுத்த இரண்டு பக்கமும் கயிறு கட்டுவோம் அல்லவா? ஒரு பக்கக் கயிறு மட்டும் இறுகினால் கால் சாயும். விரலும் அப்படித்தான். மேலே நீட்டும் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்), கீழே மடக்கும் நாண், இரண்டுக்கும் நடுவே சமநிலை காக்கும் சின்னத் தசைகள் பாதத்துக்குள் இருக்கின்றன. குறுகலான ஷூவுக்குள் விரல் வருடக்கணக்கில் மடங்கியே கிடந்தால் நாண்கள் அந்த நீளத்துக்கே சுருங்கிவிடும். சின்னத் தசைகள் பலவீனமானாலும் அதே கதைதான்.

ஷூ மட்டும் காரணமில்லை. கட்டைவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து, கட்டைவிரல் சாய்ந்து இரண்டாவது விரலைத் தள்ளுவது இன்னொரு பெரிய காரணம். முடக்குவாதம், தட்டைப் பாதம், அதிகமாக வளைந்த உள்பாதம், பழைய எலும்பு முறிவு, பக்கவாதம், சர்க்கரை நோயால் நரம்பு கெடுவது என்று பட்டியல் நீளும். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளமாக இருக்கும். 'அப்படி இருந்தால் புருஷனை அடக்கி ஆள்வாள்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதை விடுங்கள். அப்படிப்பட்ட காலுக்கு ஷூ அளவை இரண்டாவது விரலை வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். கட்டைவிரலுக்குச் சரியாக இருக்கிற ஷூவில் அந்த நீள விரல் மடங்கித்தான் கிடக்கும்.

படி 1: வெறுங்காலில் நின்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், தரையில் எடையை ஊன்றி நின்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது நேராகத் தெரியும் விரல் நிற்கும்போது வளையலாம்.

நடு மூட்டு மட்டும் மேலே முட்டிக்கொண்டு நின்றால் அது சுத்தியல் விரல். பெரும்பாலும் இரண்டாவது விரலில்தான் வரும், மூன்றாவது, நான்காவதிலும் வரலாம். நகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நுனி மூட்டு மட்டும் கீழே மடங்கியிருந்தால் அது வேறு வகை. அதில் ஆணி விரல் நுனியில் வரும். நடு மூட்டும் நுனி மூட்டும் சேர்ந்தே மடங்கி, விரல்கள் எல்லாம் பறவையின் நகம் போலத் தரையைப் பிடித்தால் அது நக விரல். நக விரல் பல விரல்களில் ஒன்றாக வந்தால் நரம்பு சம்பந்தப்பட்ட காரணத்தைத் தேட வேண்டும். நீங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அடுத்து மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: முகட்டின் மேல், விரல் நுனி, விரலுக்கு நேர் கீழே முன்பாதத்தின் அடி. காய்ப்போ சிவப்போ இருந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். பலருக்கு வலி முன்பாதத்தின் அடியில்தான் இருக்கும், 'செருப்புக்குள்ள கூழாங்கல் மாட்டின மாதிரி இருக்கு' என்பார்கள். விரல் மேல்நோக்கி ஏறும்போது அதன் அடிமூட்டு கீழே அழுந்துகிறது, அதனால்தான்.

படி 2: நேராகிறதா என்று சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து, காலை எதிரே இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொள்ளுங்கள். வளைந்த விரலுக்கு நேர் கீழே, முன்பாதத்தின் சதைப்பகுதியில் கட்டைவிரலை வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள், தரையில் ஊன்றினால் எப்படி அழுந்துமோ அப்படி. விரல் தானாக நீண்டு நேரானால் மூட்டு இன்னும் இளக்கமாக இருக்கிறது. பாதி நேராகி நின்றுவிட்டால் இறுக ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சமும் அசையவில்லை, கையால் இழுத்தாலும் நேராகவில்லை என்றால் மூட்டு இறுகிவிட்டது. வலிக்கும் அளவுக்கு வற்புறுத்தி இழுக்க வேண்டாம்.

தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும். இட்லிக் கடை அம்மாவுக்கு முக்கால்வாசி நேரானது. எனக்கு அன்றைக்கு அது பெரிய நிம்மதி.

படி 3: சர்க்கரை இருந்தால் முதலில் உணர்ச்சியைப் பாருங்கள்

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதீர்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரலால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு நொடி, இறகு படுவது போல மெல்லத் தொடட்டும். தட்டக் கூடாது, அழுத்தக் கூடாது. இரண்டு காலும் சேர்த்து ஆறு இடம். தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் போனால் மெல்லிய நைலான் இழையை வைத்து இதையே துல்லியமாகச் சோதிப்பார்கள்.

உணர்ச்சி இல்லாத காலில் வளைந்த விரல் இருப்பது ஆபத்தான கூட்டணி. உரசல் தெரியாது, கொப்புளம் தெரியாது, காலுறையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் புண்ணே தெரியவரும். அப்படிப்பட்டவர்கள் டேப் ஒட்டுவது, ஆணி தேய்ப்பது எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். நேராகப் பாத மருத்துவப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். ராயபுரத்தில் 1954 முதல் இயங்கும் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை இதற்குப் பெயர் பெற்றது. அரசுப் பொது மருத்துவமனைகளிலும் சர்க்கரை நோய்ப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விரல்கள் நகம் போல மடங்கி, பாதம் மரத்து, உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். சீக்கிரம் போனால் நரம்பைக் காப்பாற்றலாம்.

படி 4: செருப்பை மாற்றுங்கள்

முதல் மருந்து இதுதான். மாத்திரை, களிம்பு, ஆன்லைனில் விற்கும் 'விரல் நேராக்கி' எல்லாவற்றுக்கும் முன்னால் இது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளில் முழு எடையையும் ஊன்றி நில்லுங்கள். நாள் முழுக்க நின்ற காலில் சற்று வீக்கம் இருக்கும், அந்த அளவுதான் வேண்டும். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். இப்போது நீங்கள் தினமும் போடும் ஷூவை அந்தப் படத்தின் மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், அவ்வளவு அகலத்தையும் தினமும் உள்ளே திணித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் செய்யச் சொன்ன பலர் தாளைப் பார்த்துவிட்டுப் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் உங்கள் தப்பு மட்டும் இல்லை. நம் கடைகளில் இருக்கும் அளவு முறை வெளிநாட்டுக் கால்களுக்காக வந்தது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பியப் பாதங்களைவிட அகலமானவை என்று தெரியவந்தது. அகலம் போதாமல் நாம் நீளம் கூடிய ஷூவை வாங்குகிறோம். அதில் கால் முன்னால் வழுக்குகிறது, விரல்கள் பிடிமானத்துக்காக மடங்குகின்றன. 'பா' என்ற பெயரில் நமக்கான அளவு முறை அந்த ஆய்வின் அடிப்படையில்தான் முன்வைக்கப்பட்டது.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். முன்பகுதி கூராக இல்லாமல் வட்டமாக இருக்க வேண்டும். அகலத்தோடு உயரமும் முக்கியம். விரலின் முகடு ஷூவின் மேல்பகுதியில் இடிக்கக் கூடாது. மேல்பகுதி மென்மையாக, முகடு வரும் இடத்தில் தையல் இல்லாமல் இருக்கட்டும். குதி ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். 'போடப்போட இளகிடும் மேடம்' என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். இளகுவதற்குள் உங்கள் விரல் இறுகிவிடும்.

ஹவாய் செருப்பைப் பற்றிக் கேட்பீர்கள். அது விரலை நெருக்காது, உண்மைதான். ஆனால் கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் கீழே கொக்கி போட்டுப் பிடிக்கின்றன, அதுவும் தேய்ந்து தொளதொளத்த செருப்பில் இன்னும் அதிகமாக. வீட்டுக்குள் பரவாயில்லை. வெளியே போக, பின்பக்கம் வார் வைத்த சாண்டல் நல்லது. இருக்கிற சாண்டலுக்கே தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துப் பின்வார் வைத்துக்கொள்ளலாம். ஷூவில் முகடு உரசும் இடத்தை மட்டும் தட்டி விரித்துத் தரவும் அவருக்குத் தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் ஆணி அடிக்காமல் தைத்தோ ஒட்டியோ தரச் சொல்லுங்கள். தேய்ந்த செருப்பில் ஆணி ஏறி நிற்பதை மரத்த கால் உணராது.

உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பரால் ஆனது, நல்லது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பாதத்துக்கு ஏற்ற செருப்பு, உள்தட்டு பற்றி அங்கே விசாரிக்கலாம்.

ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. தி.நகரில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு என்னிடம் வரும் தங்கைகளின் கால்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது. இருக்கை உங்கள் உரிமை, கூட்டம் குறையும் நேரத்திலாவது உட்காருங்கள், ஷூவைக் கழற்றி விரல்களை நீட்டி மடக்குங்கள்.

படி 5: ஆணியைச் சீவாதீர்கள்

பிளேடு, நகவெட்டி, கத்தி எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் மெல்லத் தேயுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்காமல் வாரத்துக்கு இரண்டு முறை செய்தால் போதும். பிறகு தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு வந்தால் விரலிடுக்கை உடனே துடைத்துக் காயவிடுங்கள். வளைந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் சேற்றுப்புண் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் இருக்கும். அது ஆணியையும் நல்ல தோலையும் பிரித்துப் பார்க்காது. சர்க்கரையோ ரத்த ஓட்டக் குறைவோ இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. அமிலம் இல்லாத சிலிக்கான் விரல் உறை பாதுகாப்பானது, ஆனால் அதை மாட்டிய பிறகும் ஷூவில் இடம் இருக்க வேண்டும்.

படி 6: பயிற்சியும் டேப்பும்

விரல் இளகிய நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பலன் தரும். இறுகிய மூட்டைப் பயிற்சி நேராக்காது.

முதலில் கையால் நீட்டுவது. ஒரு கையால் விரலின் அடிப்பகுதியைக் கீழே அழுத்திப் பிடித்து, மறு கையால் நடு மூட்டை மெதுவாக நீட்டுங்கள். 20 நொடி பிடித்து விடுங்கள். ஐந்து முறை, காலையும் மாலையும். குளித்த பிறகு செய்தால் சுலபம்.

அடுத்தது விரல் அழுத்தும் பயிற்சி. உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்து, விரல்களை மடக்காமல், நீட்டியபடியே தரையை நோக்கி அழுத்துங்கள். ஐந்து நொடி, பத்து முறை. சமநிலை காக்கும் அந்தச் சின்னத் தசைகள் வேலை செய்வது இதில்தான். தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுக்கும் பயிற்சியைப் பலரும் சொல்கிறார்கள். தவறில்லை. ஆனால் நுனியைக் கொக்கி போல மடக்கி இழுத்தால் ஏற்கெனவே இறுகிய நாணுக்குத்தான் வேலை கொடுக்கிறீர்கள். அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் அழுத்தும் பயிற்சியைத்தான் தருகிறேன்.

டேப் ஒட்ட ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பேப்பர் டேப் போதும். நடுப்பகுதியை விரலின் அடிப்பாகத்துக்கு மேல் வைத்து, இரண்டு முனைகளையும் விரலின் இருபுறமும் கீழே இறக்கிப் பாதத்தின் அடியில் ஒட்டுங்கள். விரல் மெல்லக் கீழே இழுபட்டு நிற்க வேண்டும், நெரிபடக் கூடாது. நகம் வெளுத்தாலோ நீலமானாலோ உடனே பிரித்துவிடுங்கள். இரவில் வேண்டாம். டேப்பைக் கழற்றினால் விரல் மறுபடி வளையும். நடக்கும்போது வலியைக் குறைப்பதற்குத்தான் அது.

முன்பாதத்தின் அடியில் வலி என்றால் மெத்தைத் திண்டு வைக்கலாம். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வைத்தால்தான் எடை அங்கிருந்து விலகும்.

படி 7: டாக்டரிடம் எப்போது

புண், சீழ், பரவும் சிவப்பு, சூடு, கருத்துப் போன தோல், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை இருந்தால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். அடிபட்டுத் திடீரென வளைந்தாலும் தாமதிக்கக் கூடாது. செருப்பை மாற்றி மூன்று மாதமாகியும் வலி குறையவில்லை, அல்லது வளைவு கூடுகிறது என்றால் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. வெளிநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வழக்கமாகப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், அது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதே டாக்டருக்குப் பாதிக் கதையைச் சொல்லும். எக்ஸ்ரேயை நின்றபடி எடுப்பார்கள்.

படி 8: அறுவை சிகிச்சை

அழகுக்காக வேண்டாம். வலியும் புண்ணும் மற்ற வழிகளில் அடங்காதபோதுதான். இளக்கமான விரலுக்கு மடக்கும் நாணைச் சின்னத் துளை வழியாக வெட்டிவிடுவதோ, அதை மேல்பக்கம் மாற்றித் தைப்பதோ உண்டு. சர்க்கரை நோயாளிக்கு வளைந்த விரலின் நுனியில் புண் வந்து ஆறாதபோதும் இந்தச் சின்ன அறுவை உதவுகிறது. இறுகிய விரலுக்கு நடு மூட்டில் கொஞ்சம் எலும்பை எடுத்து நேராக்குவார்கள், அல்லது மூட்டை நேராக வைத்து ஒன்றாக இணைத்துவிடுவார்கள். பிந்தையதில் விரல் அந்த இடத்தில் இனி மடங்காது. நடக்க அது தடையில்லை. பெரும்பாலும் காலை மட்டும் மரக்கவைத்துச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எலும்பு அசையாமலிருக்க ஒரு மெல்லிய கம்பி வைத்தால் அதன் முனை விரல் நுனியில் வெளியே தெரியும். நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும், பிறகு வெளிநோயாளியாகவே எடுத்துவிடுவார்கள். அதுவரை தண்ணீர் படக் கூடாது. காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, பாலிதீன் பை கட்டி, உட்கார்ந்து குளியுங்கள். கொசுவலையிலோ புடவை மடிப்பிலோ கம்பி மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறைப்பான அடி கொண்ட ஷூ தருவார்கள், குதிகாலில் எடை வைத்து நடக்க வேண்டும். புகை பிடிப்பவர்கள் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும், எலும்பு ஒன்றுசேர அது தடை. தொற்று, மரப்பு, விரல் தரையைத் தொடாமல் மிதப்பது, மறுபடி வளைவது இவை நேரலாம். குறுகிய ஷூவுக்கே திரும்பினால் மறுபடி வளைவது கிட்டத்தட்ட உறுதி. காப்பீட்டு அட்டை இருந்தால் இந்த அறுவை அதில் வருமா என்று முன்னதாகவே மருத்துவமனைக் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக மெட்டி. எக்ஸ்ரேக்கும் அறுவைக்கும் கழற்றத்தான் வேண்டும், பல அம்மாக்கள் கண் கலங்குவது இந்த இடத்தில்தான். அவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை. இறுகிப் போயிருந்தால் சோப்பு தடவிச் சுழற்றிப் பாருங்கள், வரவில்லை என்றால் நகை ஆசாரியிடம் வெட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் இடுக்கி போடாதீர்கள். அறுவைக்குப் பிறகு விரல் வீக்கம் முழுதாக வடியச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். அதுவரை அந்த விரலில் போடாமல், பிறகு அளவு சரிசெய்துகொள்ளும் திறந்த வளையமாகப் போடலாம். இட்லிக் கடை அம்மாவுக்கு அறுவையே தேவைப்படவில்லை. பின்வார் சாண்டலும் திறந்த மெட்டியுமாகப் போன செவ்வாய்க்கிழமை வந்தார். முகட்டில் ஆணி பாதியாகக் குறைந்திருந்தது, மெட்டி பதிந்த பள்ளம் மட்டும் இன்னும் லேசாகத் தெரிந்தது.